கஞ்சி போட்ட சட்டை

அத்தியாயம் பத்தொன்பது

போன வாரம் ஒத்தீலியா அடுப்படியில் தட்டை உடைத்ததோடு நிறுத்தியிருந்தேன். கை தவறி விழுந்தது என்று அவள் மாமனாரிடம் சொன்னது பொய் என்று உங்களில் பாதிப் பேர் எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே போட்டு உடைத்ததுதான். நானாக இருந்தால் இரண்டு தட்டு உடைத்திருப்பேன்.

தட்டு உடைந்ததற்குக் காரணம் முப்பது என்ற ஓர் எண்.

அவள் கணவன் நிக்கனோர் பட்டாளத்தில் சேர்ந்து இராக்கில் எண்ணெய் லாரி ஓட்டியவன். திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. மனசு மட்டும் இன்னும் அந்த ரோட்டிலேயே நிற்கிறது. பட்டாளத்தில் பட்ட அடிக்கு அரசாங்கம் சதவீதம் போட்டு மாதாமாதம் பணம் கொடுக்கும். கால் போனால் இவ்வளவு, காது போனால் இவ்வளவு. மனசு போனாலும் உண்டு. நிக்கனோருக்கு முப்பது போட்டிருந்தார்கள். அதாவது, ஆளுக்குக் கொஞ்சம் சிரமம் இருக்கிறது, மற்றபடி நன்றாகவே நடமாடுகிறான் என்று அர்த்தம்.

நன்றாக நடமாடுகிறானாம்! வெங்காயக் கிட்டங்கியில் ஒரு பலகை விழுந்த சத்தத்துக்கு, ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை நடுவில் விட்டுவிட்டு அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டவன் இவன். அன்றோடு அந்த வேலை போயிற்று. வீட்டுக்குள் படுப்பதில்லை. கேட்டைப் பார்த்து நிறுத்திய பிக்கப் வண்டியில்தான் தூக்கம், அதுவும் உட்கார்ந்தபடியே.

முப்பது போட்டதற்குச் சொன்ன காரணங்கள் ஒத்தீலியாவுக்கு மனப்பாடம். உடை நேர்த்தியாக இருந்தது. பேச்சில் மரியாதை இருந்தது. மணவாழ்க்கை நிலையாக இருக்கிறது.

மறுபடி பார்க்கச் சொல்லி விண்ணப்பித்தார்கள். இன்று மறு பரிசோதனை. எழுபது கிடைத்தால், இவனால் வேலை பார்க்கவே முடியாது என்று சொல்லி முழுத் தொகையும் கேட்கலாம். அது வந்தால் ஒத்தீலியா சாயங்கால பேக்கரி வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் இருக்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது, பிற்பகலில் மறுபடி பஸ் ஓட்டுவது, சாயங்காலம் பேக்கரி என்று அவள் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவன் தனியாக இருக்கிறான்.

பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு உதவும் ஜில்லா ஆபீஸில் தெல்ஃபினா என்று ஒருத்தி இருக்கிறாள். விவரம் தெரிந்தவள். "ஜோடிச்சுக் கூட்டிட்டுப் போகாதே, ஒத்தி. வீட்ல எப்படி இருக்காரோ அப்படியே கூட்டிட்டுப் போ" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அதனால் ஒத்தீலியா நிக்கனோரைக் குளிக்கச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்ட பனியனைக் கழற்றச் சொல்லவில்லை. தாடியைத் தொடவில்லை. அவன் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து, முட்டையும் தொர்த்தியா ரொட்டியும் வைத்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை.

அப்போதுதான் எவுசேபியோ உள்ளே வந்தார்.

நிக்கனோரின் அப்பா. வியட்நாம் போய் வந்தவர். வலது கையில் ஹேங்கர், ஹேங்கரில் வெள்ளைச் சட்டை, ஜீன்ஸ். இரண்டும் மொடமொடவென்று நின்றன. எங்கள் பள்ளத்தாக்கில் ஆண்பிள்ளையின் ஜீன்ஸுக்குக் கஞ்சி போட்டால், கழற்றித் தரையில் வைத்தாலும் அது தானே நிற்க வேண்டும். கல்யாணம், சாவு, கோர்ட்டு, சர்ச் எதற்கும் அந்த மடிப்பில்லாமல் போனால் வீட்டில் பெண்கள் செத்துவிட்டார்களா என்று கேட்பார்கள். எவுசேபியோ வீட்டில் இஸ்திரிப் பெட்டி அவர் கையில்தான். மனைவி இருந்த காலத்திலேயே அப்படித்தான்.

"என்னம்மா இது கோலம்?"

"டாக்டர்கிட்ட போறோம் மாமா."

"டாக்டர்கிட்டயா, குப்பை பொறுக்கவா?"

"தெல்ஃபினா இப்படித்தான் வரச் சொன்னா."

"தெல்ஃபினா என்ன கர்னலா? எழுந்திருடா. போய் மூஞ்சியைக் கழுவு."

நிக்கனோர் எழுந்தான். அப்பா சொன்னால் எழுந்துவிடுவான். நாற்பது வயதிலும் அதுதான் பழக்கம்.

"நிக்கோ, உட்காரு" என்றாள் ஒத்தீலியா.

நிக்கனோர் உட்கார்ந்தான்.

கிழவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "என் மகனைப் பிச்சைக்காரன் மாதிரி கூட்டிட்டுப் போய்க் காட்டப் போறியா? ஐயா, பாருங்க, எங்க வீட்டுக்காரனுக்குக் கிறுக்கு, காசு போடுங்கன்னு?"

"போன தடவை நீங்க போட்டு விட்ட கஞ்சிக்குத்தான் மாமா முப்பது கொடுத்தாங்க."

"கொடுத்தா கொடுக்கட்டும். கொடுக்காட்டிப் போகட்டும். நான் வியட்நாம்லேர்ந்து வந்தேன். யார்கிட்டயாவது போய் என் தலை சரியில்லைன்னு சொன்னேனா? கையை நீட்டினேனா?"

"நீங்க நீட்டலை. அத்தைதான் ஊர்த்துணியெல்லாம் துவைச்சாங்க."

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கடிக்கவில்லை. அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. சொல்லியாகிவிட்டது, கிடக்கட்டும் என்று நின்றாள்.

எவுசேபியோ மகன் பக்கம் ஹேங்கரை மட்டும் நீட்டியபடி நின்றார்.

"விடு ஒத்தி" என்றான் நிக்கனோர். "போட்டுக்கறேன். சட்டைதானே."

சட்டைதானே! அந்தச் சட்டைக்கு விலை என்ன என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் போய் மாட்டிக்கொண்டான். கண்ணாடி முன் நின்று ரேசரை எடுத்தான். தாடையில் ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. வெள்ளைக் காலரில் ரத்தம் சொட்டப் போகிறதே என்று, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒத்தீலியா ஓடிப் போய் ரேசரைப் பிடுங்கினாள். கடைசியில் ஷேவ் செய்துவிட்டதும் அவள்தான். செய்யும்போதே அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன செய்வது, கட்டிக்கொண்டவன் ரத்தம் வழிய நிற்கும்போது தெல்ஃபினாவின் யோசனையா ஞாபகம் வரும்?

குனிந்து ஷூ கயிற்றையும் கட்டிவிட்டாள். அவனுக்கு விரல் ஒத்துழைக்காத நாள் அது.

பிக்கப்பை ஒத்தீலியா ஓட்டினாள். அந்த வண்டிச் சாவி இரண்டு மாதமாக அவள் கழுத்துச் சங்கிலியில்தான் தொங்குகிறது. ஏன் என்று மாமனார் கேட்டதில்லை. அவருக்குக் கண்புரை, ஓட்ட விடமாட்டார்கள். வரவேண்டாம் என்று சொல்லியும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார், அவரும் மொடமொட சட்டையில்.

ஹைவேயில் போகாமல் கரும்புக்காட்டு ரோட்டில் சுற்றிக்கொண்டு போனாள். ஹைவே ஓரத்தில் கறுப்புக் குப்பைப் பை கிடந்தால் நிக்கனோருக்கு மூச்சு நின்றுவிடும். இராக் ரோடுகளில் வைத்ததுபோல் அதற்குள்ளும் வெடிகுண்டு இருக்குமோ என்று உடம்பு முந்திக்கொள்ளும்.

"ஏன் சுத்திப் போறே? நேரா ரோடு இருக்கே" என்றார் பின்னாலிருந்து எவுசேபியோ.

"சும்மாதான் மாமா" என்றாள்.

கிளினிக் ஹார்லிஞ்சென் டவுனில், ஒரு டயர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருந்தது. அரசாங்கம் இந்தப் பரிசோதனையை வெளி ஆட்களிடம் குத்தகைக்கு விட்டிருந்தது. மாமனார் வண்டியிலேயே இருந்துகொண்டார். "அந்த இடத்துக்குள்ள நான் கால் வைக்கமாட்டேன்" என்றார்.

டாக்டர் ஹாலோவே வடக்கே எங்கேயோ இருந்து வந்தவள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். களைத்தவள். நிக்கனோர் விறைப்பாக நின்று வணக்கம் சொன்னதும், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். என்ன தட்டினாள் என்று ஒத்தீலியாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது. உடை நேர்த்தி.

மனைவியும் உள்ளே இருக்கலாமா என்று கேட்டதற்கு, இருக்கலாம், ஆனால் பதில் அவர்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

"தூக்கமெல்லாம் எப்படி இருக்கு?"

"பரவாயில்லை மேடம்."

"கோபம் வருமா?"

"சமாளிச்சுக்கறேன் மேடம்."

"வெளியில போறது, வர்றது?"

"போவேன் மேடம்."

"வீட்ல எப்படி?"

"என் மனைவி நல்லா பாத்துக்கறாங்க மேடம். எனக்கு ஒரு குறையும் இல்லை."

டக், டக், டக் என்று கீ போர்டு. பட்டாளம் இந்த மனிதர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே குறை சொல்லாதே என்பதுதான். கால் ஒடிந்து தொங்கினாலும் மேலதிகாரி கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அப்படிப் பழக்கி அனுப்பிவிட்டு, இருபது வருஷம் கழித்து மேஜைக்கு எதிரில் உட்கார வைத்து, உன் குறை என்ன சொல் என்று கேட்கிறார்கள். சொல்லாவிட்டால் குறை இல்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, கூட உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

"டாக்டர், அந்தச் சட்டையைப் பாத்து எழுதாதீங்க" என்றாள் ஒத்தீலியா.

"மிஸஸ் பெனாவிதெஸ், உங்களுக்கு நான் முன்னாடியே—"

"அந்தக் கஞ்சி இவங்க அப்பா போட்டது. ஷேவ் பண்ணிவிட்டது நான். ஷூ கயிறு கட்டினதும் நான். இந்த மேடம் மேடம்ங்கிறது பட்டாளம் சொல்லிக் கொடுத்தது. இவரோடது எதுன்னு இவரைக் கேளுங்க. இவர் எப்ப குளிச்சாருன்னு கேளுங்க. யார் குளிப்பாட்டினாங்கன்னு கேளுங்க."

"ஒத்தி" என்றான் நிக்கனோர் மெதுவாக.

டாக்டர் முதல் தடவையாகக் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள்.

ஒத்தீலியா சொன்னாள். குழாயைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அவன் நின்றபடியே உறைந்துபோவதைச் சொன்னாள். பிக்கப்பில் உட்கார்ந்தபடி தூங்குவதைச் சொன்னாள். வெங்காயக் கிட்டங்கியைச் சொன்னாள். கடைக்குள் போனால் முதுகைச் சுவரில் வைத்தபடியே நகர்வதையும், ஒருநாள் தள்ளுவண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்ததையும் சொன்னாள். நிக்கனோர் முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள்.

"அது வேண்டாம். நீ சத்தியம் பண்ணியிருக்கே."

"பண்ணினேன். இப்ப மீறறேன்."

வாய்க்கால் கதையை அவள் சொன்னது அப்போதுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பிற்பகல். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு திரும்பிக்கொண்டிருந்தாள். பாசன வாய்க்கால் கரையில் அவர்கள் பிக்கப், மூக்கைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து, இன்ஜின் ஓட நின்றது. ரூட்டை விட்டு விலகினால் வேலை போய்விடும் என்று தெரிந்தும் அந்த மஞ்சள் பஸ்ஸை மண்ரோட்டில் திருப்பினாள். கண்ணாடியைத் தட்டினாள். நிக்கனோர் கதவைத் திறந்து, "நீ ஏன் இங்க வந்தே, பஸ்ஸை எல்லாம் இங்க கொண்டு வரக்கூடாதே" என்றான். அவ்வளவு சாவதானமாக. அவனைப் பஸ்ஸின் முதல் சீட்டில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வண்டி ரிப்பேர் என்று மாமனாரிடம் சொன்னாள். அன்றைக்குத்தான் சாவி அவள் கழுத்துக்கு வந்தது.

டாக்டர் நிக்கனோரைப் பார்த்தாள். "இது உண்மையா?"

"ஆமாம் மேடம்."

"அன்னிக்கு என்ன நினைச்சுட்டிருந்தீங்க?"

"தண்ணி போதுமான்னு பாத்துட்டிருந்தேன் மேடம்."

அதே மரியாதை, அதே குரல். ஒத்தீலியாவுக்கு அழுகை வரவில்லை. அந்தக் குரலைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

டாக்டர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, அதன் சாவி யாரிடம். துப்பாக்கி பேக்கரி லாக்கரில் இருக்கிறது என்று ஒத்தீலியா சொன்னாள். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் கொடுத்தாள் டாக்டர். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள், குறை சொல்ல முடியாது. பிறகு மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

"எழுபது வருமா டாக்டர்?"

"சதவீதம் நான் போடறதில்லை. நான் பார்த்ததை எழுதி அனுப்புவேன். அங்க வேற ஒருத்தர் போடுவார்."

"அவர் இவரைப் பார்ப்பாரா?"

"மாட்டார்."

"அப்ப பார்த்த நீங்க போடமாட்டீங்க. போடறவர் பார்க்கமாட்டார்."

டாக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க சொன்னதெல்லாம் எழுதியிருக்கேன். ஆனா இன்னொண்ணும் எழுதணும். நீங்க அன்னிக்குப் போய்க் கூட்டிட்டு வந்தீங்க. சாவியை வாங்கி வச்சீங்க. துப்பாக்கியை அப்புறப்படுத்தினீங்க. இத்தனை வருஷமா கூடவே இருக்கீங்க. அவருக்கு நல்ல துணை இருக்கு. அது அவருக்குச் சாதகமான விஷயம்" என்றாள்.

"சாதகம்னா? முப்பதுக்கா, எழுபதுக்கா?"

டாக்டர் மறுபடி கீ போர்டைப் பார்த்தாள்.

"அப்ப நான் விட்டுட்டுப் போயிருந்தா எழுபது வந்திருக்குமா?"

அதற்கும் பதில் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவில்லை பாருங்கள், அங்கேதான் ஒத்தீலியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் இரவும் பகலும் தூக்கி நிறுத்தியதையெல்லாம், இவன் தானாக நிற்கிறான் என்று கணக்கில் எழுதிவிட்டார்கள்.

வெளியே வெயில் கொளுத்தியது. இருவரும் வண்டியில் ஏறினார்கள். ஒத்தீலியா சாவியைப் போட்டாள், திருகவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றார் எவுசேபியோ.

"இவ எல்லாத்தையும் சொல்லிட்டா அப்பா" என்றான் நிக்கனோர்.

"எல்லாத்தையும்னா?"

"வாய்க்கால்."

"எந்த வாய்க்கால்? என்ன வாய்க்கால்?"

ஒத்தீலியா திரும்பாமலே சொன்னாள். கண்ணாடியில் கிழவரின் முகம் தெரிந்தது. முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறகு, அந்த முகத்துக்குத் தெரிந்த ஒரே வழியில், அது கோபமாக மாறியது.

"வண்டி ரிப்பேர்னு சொன்னியே! பெத்தவன்கிட்ட மறைச்சுட்டு, எவளோ ஒரு டாக்டர்கிட்ட போய்க் கொட்டினியா?"

"உங்ககிட்ட சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க மாமா? இன்னொரு சட்டைக்குக் கஞ்சி போட்டிருப்பீங்க."

"வாயை மூடு!"

"மூட மாட்டேன். இன்னிக்கு மூட மாட்டேன். வீட்டுக்குள்ள ஒருத்தன் செத்துட்டிருக்கான், நீங்க அவனுக்கு மடிப்பு எடுத்துட்டிருக்கீங்க. நானும் சேர்ந்துதான். காலையில ரேசரை எடுத்தேனே, என் கையை முறிக்கணும்."

எவுசேபியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் நிக்கனோரின் தோள் துள்ளியது. மற்ற இருவரும் அதைப் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

பிறகு நிக்கனோர் பேசினான். நிதானமாக, யோசித்து முடித்தவனாக.

"ஒத்தி, நீ உள்ள கேட்டியே, அது சரியான கேள்வி. நீ போயிடு."

"என்ன?"

"சான் அந்தோனியோவுல உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடு. மனைவி போயிட்டான்னு தெல்ஃபினாகிட்ட சொல்லி எழுதி அனுப்பறேன். அவங்க திரும்பப் பார்ப்பாங்க. பணம் வந்ததும் உனக்கு அனுப்பறேன். உனக்கும் நிம்மதி. இது ஒண்ணும் கஷ்டமில்லை, முறையாப் பண்ணிடலாம்."

அவள் அவனைப் பார்த்தாள். வாய்க்கால் கரையில் கதவைத் திறந்தபோது இருந்த அதே முகம். அதே சாவதானம். தன்னைத் தானே கழித்துவிட்டுப் போட்ட கணக்கு அது, அதில் அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

"மாமா, கேட்டீங்களா உங்க மகன் பேசறதை?"

கிழவர் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"யோசிச்சுப் பார்த்தா அதுலயும் ஒரு நியாயம் இருக்கும்மா. உன் அத்தைகூட ஒரு தடவை போறேன்னுதான் சொன்னா. நான்தான் போகாதேன்னு பிடிச்சு வச்சேன். போயிருந்தா அவளாவது நல்லா இருந்திருப்பா."

இரண்டு ஆண்களும் விறைத்த காலரோடு நேராக உட்கார்ந்து, பட்டாளத்தில் முகாமைக் காலி செய்வதுபோல், அவளை அனுப்புவதைப் பேசி முடித்துவிட்டார்கள். ஒருவன்கூட, நீ போகாதே, உன்னை விட்டால் எனக்கு யார் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கத் தெரியாத குடும்பம். ஒத்தீலியாவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது.

இரண்டு பக்க ஜன்னல் கண்ணாடியையும் கடைசிவரை இறக்கினாள். அந்த வெயிலில், அந்தக் கோபத்திலும், அது மறக்கவில்லை. சாவியை உருவினாள்.

"எங்க போறே?" என்றான் நிக்கனோர்.

"நீதானே போகச் சொன்னே."

கதவை அறைந்த அறையில் டயர் கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். அவள் விறுவிறுவென்று கிளினிக்குக்குள் போனாள்.

டாக்டர் ஹாலோவே வரவேற்பு மேஜை ஓரமாக நின்று, காகிதத்தில் சுற்றிய சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒத்தீலியாவைப் பார்த்ததும் அப்படியே வைத்தாள்.

"ஒண்ணு சேர்த்து எழுதணும் டாக்டர்."

"சொல்லுங்க."

"நான் அவரை விட்டுட்டேன்."

"எப்ப?"

"இப்பத்தான். வண்டியில அவரும் அவங்க அப்பாவும் இருக்காங்க. நான் இறங்கி வந்துட்டேன். துணை இருக்குன்னு எழுதினீங்களே, அதை அடிச்சுடுங்க."

வரவேற்பில் இருந்த பெண் போனைக் காதில் வைத்தபடி வாய் திறந்து பார்த்தாள். டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "மிஸஸ் பெனாவிதெஸ், நீங்க கோபத்துல இருக்கீங்க."

"ஆமாம். கோபத்துலதான் இருக்கேன். அதுக்கும் ஏதாவது சதவீதம் இருக்கா?"

"நீங்க நிஜமாவே போறீங்களா? ஏன்னா, நீங்க சொன்ன நிலைமையில அவர் தனியா இருக்கக்கூடாது. நீங்க இல்லைன்னா, இன்னிக்கு ராத்திரி அவர்கூட யார் இருப்பாங்க?"

ஒத்தீலியா சங்கிலியில் கோத்த சாவியை மேஜை மேல், அந்தச் சாண்ட்விச் பக்கத்தில் வைத்தாள்.

"அதைத்தான் டாக்டர் இவ்வளவு நாளா உங்க எல்லாரையும் நான் கேட்டுட்டிருக்கேன்" என்றாள். "யார் இருப்பாங்க? இப்ப நீங்க கேட்டீங்க இல்ல, நீங்களே அந்த ரிப்போர்ட்ல பதிலும் எழுதுங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."